அணுக்கழிவைக் கையாளும் வேலைக்கு என்ன படிக்க வேண்டும்? பாலக்காடு, இடுக்கி எல்லை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போடிமெட்டில் நின்று கீழே பார்த்தால் தேனி மாவட்டம். திரும்பிப் பார்த்தால் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். இந்த மலையின் இரண்டு பக்கமும் 'அணுக்கழிவு' என்ற சொல் புதிதல்ல. "மலையைக் குடைஞ்சு உள்ளே அணுக்கழிவைக் கொட்டப் போறாங்களாமே" என்ற பேச்சு பொட்டிப்புரத்தில் எழுந்தது. டீக்கடைகளில், சந்தைகளில், தேர்தல் மேடைகளில் பல ஆண்டுகள் ஒலித்தது.

ஆனால், அந்தக் கழிவைக் கையாள்பவர்கள் யார்? அவர்கள் என்ன படித்தார்கள்? உடும்பன்சோலையிலோ சித்தூரிலோ பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவியால் அந்த வேலைக்குப் போக முடியுமா? போகலாமா? இந்தக் கேள்விகளுக்கு அந்தப் பேச்சில் பெரிதாக இடம் கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரை அவற்றுக்கான பதிலைத் தேடுகிறது.

பொட்டிப்புரத்தில் நடந்தது என்ன?

இந்திய நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க முதலில் பார்த்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலை புலிகள் காப்பகம் பக்கத்தில் இருப்பதால் 2009-இல் அந்த இடம் கைவிடப்பட்டது. பிறகு தேனி மாவட்டம் பொட்டிப்புரம் அருகே உள்ள போடி மேற்கு மலை தேர்வானது. சுமார் 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை, அதன் முடிவில் 50,000 டன் இரும்பில் ஒரு காந்த உணர்கருவி. இதுதான் திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் செலவில் ஒப்புதல் தந்தது.

இடுக்கியின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-இல் மத்திய அரசு சிறப்பு நேர்வாக மீண்டும் அனுமதி கொடுத்தது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் பணி தொடங்கக் கூடாது என்று தீர்ப்பாயம் அதே ஆண்டு சொன்னது. 2022 பிப்ரவரியில், இந்தத் திட்டம் வேண்டாம் என்ற தன் நிலைப்பாட்டைத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

சரி, நியூட்ரினோ ஆய்வகத்துக்கும் அணுக்கழிவுக்கும் என்ன சம்பந்தம்? அறிவியல்படி பார்த்தால், அந்தக் கருவி இயற்கையாக வரும் துகள்களைப் பதிவு மட்டுமே செய்கிறது. அணு உலை எதுவும் அங்கே இல்லை. அதனால் அணு உலைக்கழிவும் உருவாகாது. கழிவுக் கிடங்கு அமைக்கும் எண்ணமே இல்லை என்று திட்ட விஞ்ஞானிகள் தொடர்ந்து மறுத்தார்கள். ஆனால் திட்டத்துக்குப் பணம் தருவது அணுசக்தித் துறை. குடைவது மலை. "இன்னைக்கு ஆய்வகம், நாளைக்கு கிடங்குன்னு மாத்த மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?" என்று மக்கள் கேட்டார்கள்.

அந்தச் சந்தேகம் காற்றில் இருந்து வரவில்லை. ஆழ்நிலக் கிடங்கு ஆய்வுக்காக 1980-களில் கோலார் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கத்தில் வெப்பச் சோதனைகள் நடந்தன. 2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கின்போது உச்ச நீதிமன்றத்தில் கோலாரின் பெயர் அடிபட்டதும் கர்நாடகத்தில் எதிர்ப்பு வெடித்தது. அப்படி ஒரு திட்டம் இல்லை என்று அரசு விளக்கம் தர வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட விவாதத்தில், எது உண்மை எது பயம் என்று பிரித்துச் சொல்ல ஊரிலேயே விஷயம் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால்? அந்த ஒருவரை உருவாக்கும் படிப்பு எது என்று பார்ப்பதற்கு முன், கழிவு என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம்.

அணுக்கழிவு என்பது என்ன?

'அணுக்கழிவு' என்றதும் பச்சை நிறத்தில் ஒளிரும் திரவம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். சினிமா செய்த வேலை! நிஜத்தில் அதன் பெரும்பகுதி சாதாரணப் பொருள்கள்தான்: கையுறை, துடைத்த துணி, வடிகட்டி, பழைய குழாய், கழுவிய தண்ணீர்.

கதிரியக்கத்தின் அளவை வைத்து இதை மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

குறைந்த அளவுக் கழிவு: மேலே சொன்ன துணி, கையுறை வகையறா. எரித்தோ அழுத்தியோ கன அளவைக் குறைப்பார்கள்.

நடுத்தர அளவுக் கழிவு: உலையின் நீரைச் சுத்திகரித்த பிசின், வண்டல் போன்றவை. சிமென்ட் போன்ற பொருளோடு கலந்து கெட்டியாக்குவார்கள். இந்த இரண்டு வகைத் திடக்கழிவும் அணுமின் நிலைய வளாகத்திலேயே, தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே அமைந்த கான்கிரீட் தொட்டிகளிலும் அகழிகளிலும் வைக்கப்படுகிறது.

உயர் அளவுக் கழிவு: பிரச்னையின் மையமே இதுதான். எரிந்து முடிந்த எரிபொருளை இந்தியா அப்படியே கழிவாகக் கருதுவதில்லை. அதிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுக்கிறார்கள். மிஞ்சும் திரவம் கடுமையான கதிரியக்கம் கொண்டது. அதைப் போரோசிலிகேட் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, துருப்பிடிக்காத எஃகுக் கலன்களில் ஊற்றி, காற்றால் குளிரும் கிடங்கில் பல பத்தாண்டுகள் வைக்கிறார்கள். அதன் பிறகு ஆழ்நிலக் கிடங்குக்குப் போக வேண்டும். அப்படி ஒரு கிடங்கு இந்தியாவில் இன்னும் இல்லை. பின்லாந்து மட்டும் ஓல்கிலுவோட்டோவில் 400 மீட்டருக்கும் ஆழமான பாறையில் 'ஓன்கலோ' என்ற பெயரில் ஒன்றைக் கட்டியிருக்கிறது.

எவ்வளவு காலம் காக்க வேண்டும்? சீசியம்-137-இன் அரை ஆயுள் 30 ஆண்டு. அதாவது 30 ஆண்டில் பாதியாகும், 60 ஆண்டில் கால்வாசியாகும். 300 ஆண்டில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சும். புளூட்டோனியம்-239-இன் அரை ஆயுளோ சுமார் 24,000 ஆண்டு. இந்த வேலையில் சேர்பவர் தன் கொள்ளுப்பேரன்களின் கொள்ளுப்பேரன்களுக்கும் சேர்த்து வேலை செய்கிறார் என்பது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல.

எங்கே, யார் இதைச் செய்கிறார்கள்?

பொறுப்பு பெருமளவில் பாபா அணு ஆராய்ச்சி மையத்திடம் (பார்க்) இருக்கிறது. கழிவைக் கண்ணாடியாக்கும் ஆலைகள் மூன்று இடங்களில் உள்ளன: மும்பையின் டிராம்பே, மகாராஷ்டிரத்தின் தாராப்பூர், நம் கல்பாக்கம். தாராப்பூரிலும் கல்பாக்கத்திலும் எரிபொருள் மறுசுழற்சி, கழிவு மேலாண்மை ஆலைகளைப் பார்க்கின் 'அணு மறுசுழற்சி வாரியம்' நடத்துகிறது. அணுமின் நிலையங்களுக்குள் உருவாகும் கழிவின் அன்றாடப் பணி இந்திய அணுமின் கழகத்தின் கீழ் வரும். இவற்றைக் கண்காணிப்பது 1983 நவம்பரில் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். கதிரியக்கக் கழிவை அகற்றுவதற்கென்றே 1987-இல் தனி விதிகள் வந்தன.

கேரளத்தில் அணு உலை இல்லை. ஆனால் ஆலுவா அருகே உத்யோகமண்டலில் 1952 முதல் மோனசைட் மணலை அடிப்படையாகக் கொண்டு இயங்கும் அரிய மண் ஆலை இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு. அதைப் பாதுகாப்பாகச் சேமித்து வைப்பதும் இதே துறை அறிவு தேவைப்படும் வேலைதான்.

வேலை வாய்ப்பு எவ்வளவு?

2025 ஜனவரி நிலவரப்படி நாட்டின் அணுமின் திறன் 8,180 மெகாவாட். 2047-க்குள் இதை 1,00,000 மெகாவாட்டாக உயர்த்துவது இலக்கு என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. இலக்கு எட்டப்படுமா என்பது வேறு விவாதம். எவ்வளவு எட்டினாலும் கழிவும் கூடவே வளரும்.

சமீபத்திய ஆள்சேர்ப்பு எண்களைப் பாருங்கள்.

• 2022: அணு மறுசுழற்சி வாரியம் 266 இடங்கள். இதில் 189 இடங்கள் ஐ.டி.ஐ., பிளஸ் டூ படித்தோருக்கான பயிற்சியாளர் பணி. 71 இடங்கள் டிப்ளமோ, பி.எஸ்சி. படித்தோருக்கு.

• 2023: பார்க் 4,374 இடங்கள். ஐ.டி.ஐ., பிளஸ் டூ பிரிவு 2,946, டிப்ளமோ, பி.எஸ்சி. பிரிவு 1,216, நேரடி நியமனம் 212.

• 2024, 2025: இந்திய அணுமின் கழகம், பொறியாளர் பயிற்சிக்கு ஆண்டுக்கு 400 இடங்கள்.

இந்த எண்கள் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றன. "அணுசக்தின்னா பெரிய விஞ்ஞானிங்க வேலை" என்று நினைக்கிறோம். ஆனால் 2023-இன் 4,374 இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு, ஐ.டி.ஐ. அல்லது பிளஸ் டூ முடித்தவர்களுக்கானது. ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், கருவி மெக்கானிக், ஆலை இயக்குநர். கழிவு ஆலையின் வால்வைத் திறப்பதும் மூடுவதும் இவர்கள்தான்.

எந்தப் படிப்புக்கு எந்த வழி?

பத்தாம் வகுப்பு + ஐ.டி.ஐ. அல்லது அறிவியல் பிரிவில் பிளஸ் டூ

பார்க்கின் இரண்டாம் வகைப் பயிற்சியாளர் பணி. 60 சதவீத மதிப்பெண், வயது 18 முதல் 22. பயிற்சி 2 ஆண்டு. 2023 அறிவிப்பில் உதவித்தொகை முதல் ஆண்டு மாதம் 20,000 ரூபாய், இரண்டாம் ஆண்டு 22,000. முடித்ததும் தொழில்நுட்பப் பணியாளர். அடிப்படை ஊதியம் 21,700 ரூபாயிலிருந்து தொடங்கும்.

டிப்ளமோ அல்லது பி.எஸ்சி.

முதல் வகைப் பயிற்சியாளர். 60 சதவீதம், வயது 19 முதல் 24. உதவித்தொகை 24,000, பிறகு 26,000. வேதிப்பொறியியல், இயந்திரவியல், மின்னியல், கருவியியல் டிப்ளமோக்காரர்களும், பி.எஸ்சி. இயற்பியல், வேதியியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். கதிர்வீச்சு அளவைக் கண்காணிக்கும் 'ஹெல்த் பிசிக்ஸ்' பிரிவு இயற்பியல் பட்டதாரிகளுக்கு உரியது. முடித்தால் அறிவியல் உதவியாளர். அடிப்படை ஊதியம் 35,400 ரூபாயிலிருந்து.

பி.இ., பி.டெக்., எம்.எஸ்சி.

1957-இல் தொடங்கிய பார்க் பயிற்சிப் பள்ளியின் ஓராண்டுப் படிப்பு. பொதுப்பிரிவு வயது வரம்பு 26. 'கேட்' மதிப்பெண்தான் முக்கிய வாசல், அடுத்து நேர்காணல். சேர்ந்தால் உதவித்தொகையோடு படிப்பு, முடித்தால் அறிவியல் அதிகாரி. அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். இந்தத் துறையின் உயர்படிப்புகளுக்குப் பட்டம் வழங்குவது 2005-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஹோமி பாபா தேசிய நிறுவனம்.

ஒரு முக்கியமான விஷயம். கழிவு மேலாண்மைக்குப் போக 'அணுப் பொறியியல்' என்ற பெயரில் பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. கரைசலைப் பிரிப்பது வேதிப்பொறியியல். உலையில் கண்ணாடியை உருக்குவது உலோகவியல், பொருளறிவியல். கிடங்கு கட்டுவது சிவில். பாறையை ஆராய்வது புவியியல். மண்ணிலும் நீரிலும் அளவு பார்ப்பது வேதியியல், உயிரியல். அணுக்கழிவு பற்றிய சிறப்பு அறிவு வேலையில் சேர்ந்த பிறகு, பயிற்சியில்தான் வருகிறது. எனவே "அணுக்கழிவுப் படிப்பு, நூறு சதவீதம் வேலை" என்று யாராவது லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

எல்லையில் இருந்து எப்படிக் கிளம்புவது?

பாலக்காடு பக்கம் இருப்பவர்களுக்கு வாய்ப்புகள் கிட்டத்திலேயே இருக்கின்றன. 2015-இல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி., வாளையாறு எல்லையை ஒட்டிய கஞ்சிக்கோட்டில் உள்ளது. 1960 முதல் இயங்கும் என்.எஸ்.எஸ். பொறியியல் கல்லூரி, ஸ்ரீகிருஷ்ணபுரம் அரசு பொறியியல் கல்லூரி, மலம்புழா அரசு ஐ.டி.ஐ. ஆகியவையும் உண்டு. சித்தூர் அரசுக் கல்லூரியிலோ பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலோ அறிவியல் படித்துவிட்டு எம்.எஸ்சி. வழியாகவும் போகலாம்.

இடுக்கியில் பைனாவு அரசு பொறியியல் கல்லூரி, மூணாறு பொறியியல் கல்லூரி, நெடுங்கண்டம் அரசு பாலிடெக்னிக், கட்டப்பனை அரசு ஐ.டி.ஐ. இருக்கின்றன. தோட்டத் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் செலவு குறைந்த, நேரடியான வழி.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. எல்லை மாணவர்கள் தடுக்கி விழும் இடங்கள் வேறு.

மொழி: 'கேட்' தேர்வு ஆங்கிலத்தில் மட்டும். பார்க் தேர்வும் தமிழிலோ மலையாளத்திலோ நடப்பதில்லை. தமிழ்வழியில் பத்தாவது வரை படித்தவர்கள் பிளஸ் ஒன்னிலிருந்தே அறிவியல், கணக்குச் சொற்களை ஆங்கிலத்திலும் பழகிக்கொள்வது நல்லது. பாடம் தெரிந்தும் கேள்வி புரியாமல் மதிப்பெண் போவது வீண் இழப்பு.

சான்றிதழ்: இவை மத்திய அரசு வேலைகள். எந்த மாநிலத்துக்காரரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இட ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசுப் படிவத்தில் சான்றிதழ் வேண்டும். இதர பிற்பட்டோர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் இருக்கும் சாதி கேரளத்துக்கான மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1950-க்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து இடுக்கிக்கு வந்த பட்டியல் சாதிக் குடும்பங்களுக்குக் கேரளத்தில் சான்றிதழ் வாங்குவது நீண்டகாலச் சிக்கல். தந்தைக்குச் சொந்த மாநிலத்தில் கொடுத்த சான்றை வைத்து, புலம்பெயர்ந்தவர்களுக்கான படிவத்தில் சான்று பெறும் நடைமுறை மத்திய அரசு விதிகளில் உண்டு. அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் தேதி முடிந்துவிடும். பிளஸ் டூவிலேயே தாலுகா அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

வயது: 22, 24, 26. இந்த மூன்று எண்களையும் சுவரில் எழுதி வையுங்கள். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. ஆனாலும் "டிகிரி முடிச்சிட்டு ரெண்டு வருஷம் பார்க்கலாம்" என்பது இந்தத் துறையில் செல்லாது.

கல்பாக்கம் போகாமலே இந்தத் துறையில் வேலை உண்டா?

உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பெரிய மருத்துவமனையில். தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின்-131 கொடுக்கிறார்கள். அந்த நோயாளியின் கழிவுநீரிலும் கதிரியக்கம் இருக்கும். அதைத் தனித் தொட்டியில் தேக்கி, அளவு குறைந்த பிறகே வெளியேற்ற வேண்டும். அயோடின்-131-இன் அரை ஆயுள் 8 நாள் என்பதால் இது சாத்தியமாகிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கோபால்ட்-60, இரிடியம்-192 மூலங்கள் பழசானால் முறைப்படி திருப்பி அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் பொறுப்பு, ஒழுங்குமுறை வாரியம் அங்கீகரித்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி.

எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு பார்க் 1962 முதல் நடத்தும் கதிரியல் இயற்பியல் டிப்ளமோ இதற்கு ஒரு வழி. எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் படித்துவிட்டு மருத்துவமனைப் பயிற்சி முடிப்பது இன்னொரு வழி. பாலக்காட்டுக்காரர்களுக்குப் பக்கத்தில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் துறை இருக்கிறது; சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம்.

கழிவிலிருந்தே மருந்து வருவதும் உண்டு. பார்க் விஞ்ஞானிகள் உயர் அளவுக் கழிவிலிருந்து சீசியத்தைப் பிரித்துக் கண்ணாடிக் குச்சிகளாக்கி, ரத்தத்தைக் கதிரூட்டும் கருவிகளில் பயன்படுத்துகிறார்கள்.

ஆபத்து எவ்வளவு?

மழுப்பாமல் பார்ப்போம். கதிர்வீச்சுப் பணியாளர் பெறக்கூடிய அளவு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். பணியாளர் அணியும் அளவுப்பட்டை எவ்வளவு கதிர்வீச்சு உடலில் பட்டது என்று பதிவு செய்யும்.

விதி இருந்தும் தவறு நடந்திருக்கிறது. 2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கம் மறுசுழற்சி ஆலையில் ஒரு வால்வு பழுதானது. குறைந்த அளவுக் கழிவு இருக்க வேண்டிய தொட்டிக்குள் உயர் அளவுக் கழிவு வந்துவிட்டது. அது தெரியாமல் மாதிரி எடுக்கப் போன 6 ஊழியர்கள் வரம்பைப் பல மடங்கு தாண்டிய கதிர்வீச்சுக்கு உள்ளானார்கள். அந்த இடத்தில் கதிர்வீச்சை அளந்து எச்சரிக்கும் கருவி இல்லை என்பது அப்போது வெளிவந்த குறைகளில் ஒன்று.

2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் வேறு மாதிரி நடந்தது. டெல்லி பல்கலைக்கழகம் பழைய கோபால்ட்-60 கருவியை ஏலம் விட்டது. அது காயலான் கடைக்குப் போய், பிரிக்கப்பட்டது. ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். அங்கே அணு உலையும் இல்லை, கழிவு ஆலையும் இல்லை. 'இது என்ன பொருள்' என்று சரியான நேரத்தில் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே வேலையில் சேரும்போது இந்த மூன்றைக் கேளுங்கள்: என் அளவுப்பட்டைப் பதிவை நான் பார்க்க முடியுமா? நான் நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தக்காரர் மூலம் வருபவரா? பயிற்சியை யார், எத்தனை நாள் தருகிறார்கள்? கடைசி இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. பார்க் பயிற்சியாளருக்கு 2 ஆண்டுப் பயிற்சி. ஒப்பந்தத்தில் துப்புரவுக்கோ பராமரிப்புக்கோ வருபவருக்கு அவ்வளவு காலம் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

படித்தால் எதிர்க்கக் கூடாதா?

பெற்றோர் சிலர் தயங்குவது இதனால்தான். "நாம எதிர்த்த துறைக்கே பிள்ளைய அனுப்புறதா?" நியாயமான கேள்வி. பிளாச்சிமடையை நினைத்துப் பாருங்கள். பாலக்காட்டின் அந்த எல்லைக் கிராமத்தில் குளிர்பான ஆலை 'உரம்' என்று விவசாயிகளுக்குக் கொடுத்த கசடில் காட்மியமும் ஈயமும் இருப்பது 2003-இல் ஆய்வகச் சோதனையில்தான் வெளியே வந்தது. மக்களின் போராட்டத்துக்கு அந்த அளவீடு பலம் சேர்த்தது.

அணுக்கழிவிலும் அப்படித்தான். 2013 மே மாதத் தீர்ப்பில் கூடங்குளம் உலைக்கு அனுமதி தந்த உச்ச நீதிமன்றமே, எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைப்பதற்கும் நிரந்தர ஆழ்நிலக் கிடங்குக்கும் ஏற்பாடு செய்யச் சொன்னது. அந்த ஏற்பாடு எங்கே, எப்படி அமைய வேண்டும் என்ற பேச்சு வரும் ஆண்டுகளில் இன்னும் பல ஊர்களின் வாசலுக்கு வரும். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதிகாரிகள் மேசை மீது வைக்கும் அறிக்கையைப் படித்து, "இந்த எண் எப்படி வந்தது?" என்று தமிழில் கேட்க ஊருக்கு ஓர் ஆளாவது வேண்டும். அவர் கல்பாக்கத்தில் வால்வு திறப்பவராக இருக்கலாம், கோவை மருத்துவமனையில் அளவு பார்ப்பவராக இருக்கலாம். ஆதரிப்பதா எதிர்ப்பதா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

இப்போது உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் இந்த வாரம் செய்ய வேண்டியவை மூன்று: அறிவியல், கணக்கில் 60 சதவீதம் வருகிறதா என்று பாருங்கள். சாதிச் சான்றிதழ் எந்தப் படிவத்தில் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். பார்க், அணுமின் கழக இணையதளங்களில் பழைய அறிவிப்பு ஒன்றை இறக்கி, பிள்ளையோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது அது புதிய விஷயமாக இருக்காது.